‘நல்ல தண்ணீர்’ என்பது எது?

வாந்தியும் வயிற்றுப்போக்கும் கண்ட குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு வரும் தாயாரிடம் மருத்துவர் கேட்கும் முதற்கேள்விகளுள் ஒன்று, “வீட்டில் என்ன தண்ணீர் குடிக்கிறீர்கள், அம்மா?” என்பதாகும். மீமிசல், கோட்டைப்பட்டினம், மணமேல்குடி முதலான கடற்கரை ஊர்களிலிருந்து நம் மருத்துவமனைக்கு வருவோர் பெரும்பாலும் தயங்காமல் ஒரே விடையைத் தருகின்றனர்: “நல்ல தண்ணிதாங்க, டாக்டர்.”

அந்த விடையில் பொய்யில்லை. நம் பேச்சு வழக்கில் ‘நல்ல தண்ணீர்’ என்றால் உப்பில்லாத தண்ணீர். குளிக்கவும் துவைக்கவும் உப்புத் தண்ணீர், குடிக்கவும் சமைக்கவும் நல்ல தண்ணீர் என்று வீட்டில் குடங்களைக்கூடப் பிரித்து வைத்திருப்போம். கடலோரத்தில் தலைமுறை தலைமுறையாக நாவே தண்ணீருக்கு நீதிபதி. எனினும் மருத்துவர் கேட்டது உப்பைப் பற்றி அன்று. குழந்தையின் குடலில் நுழைந்த கிருமிக்குச் சுவையில்லை, நிறமில்லை, பெரும்பாலும் மணமும் இல்லை. நாவுக்கு மிக இனிக்கும் தண்ணீரிலும் அது இருக்கலாம். கரிக்கும் ஆழ்துளைக் கிணற்று நீரில் இல்லாமலும் போகலாம்.

தண்ணீர் நல்லதா என்பதை நாவைத் தவிர வேறு எதைக் கொண்டு அறிவது, அதை அறியும் பொறுப்பு யாருடையது என்பவற்றை இவ்விதழில் சற்று விரிவாகக் காண்போம்.

நாவுக்குத் தெரிவது

மீமிசல், ஆவுடையார்கோவில் வட்டத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி அமைந்த ஊர். கிழக்கே கடல், ஊரைச் சுற்றி உப்பளங்கள். இத்தகைய நிலத்தில் மழைநீர் மண்ணுக்குள் இறங்கி, கனமான கடல்நீரின்மேல் ஒரு மெல்லிய படலமாக மிதந்து நிற்கிறது. நிலத்தடி நன்னீர் மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் உயர்ந்திருந்தால், அதற்குக் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம் வரை நன்னீர் இருக்கும் என்பது நிலவியலார் கணக்கு. இக்கணக்கு எதிர்த்திசையிலும் செல்லும். மோட்டார் வைத்து இறைத்து மட்டத்தை 1 மீட்டர் தாழ்த்தினால், அடியிலுள்ள உப்பு நீரின் எல்லை ஏறத்தாழ 40 மீட்டர் மேலேறி வரக்கூடும். ஆழமாகத் துளையிட்டால் நல்ல தண்ணீர் கிடைக்கும் என்று நம்பிச் செலவு செய்தவர்கள் கடலோரத்தில் ஏமாந்துபோவதற்குக் காரணம் இதுவே.

குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் (ஐ.எஸ். 10500, 2012-ஆம் ஆண்டுப் பதிப்பு) ஒரு லிட்டர் நீரில் கரைந்துள்ள மொத்த உப்புகள் 500 மில்லிகிராம் வரை இருப்பது ஏற்புடையது என்கிறது. வேறு நீராதாரமே இல்லாத இடத்தில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம். அந்த இரண்டாம் எண், வேறு வழியில்லாதவர்களுக்கான சலுகை. உயர் இரத்த அழுத்தம், இதயச் செயலிழப்பு, சிறுநீரக நோய் ஆகியவற்றுக்குச் சிகிச்சை பெறுவோர், சாப்பாட்டில் உப்பைக் குறைத்துக்கொண்டு தண்ணீரின் வழியே அதைத் திரும்பப் பெறுவதில் பொருளில்லை. வீட்டுத் தண்ணீர் கரிக்குமானால் அடுத்த முறை வரும்போது மருத்துவரிடம் தெரிவியுங்கள். மருந்தின் அளவை முடிவு செய்வதற்கு அத்தகவல் உதவும்.

காய்ச்சுவதால் உப்பு நீங்காது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுவோம். நீர் ஆவியாகிக் குறையக் குறைய, எஞ்சிய நீரில் உப்பின் செறிவு சற்றே கூடும். நைட்ரேட்டும் ஃபுளூரைடும் அவ்வாறே. ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தைக் கரைக்கும்போது இதை மறக்கலாகாது. அதிலுள்ள உப்பும் சர்க்கரையும் ஒரு லிட்டர் நன்னீருக்கென அளந்து வைக்கப்பட்டவை. உவர்நீரில் கரைத்தால் குழந்தைக்குச் செல்லும் உப்பின் அளவு கூடிவிடும்.

உப்பைப் பற்றி இவ்வளவு போதும். அது மெல்ல வருத்தும். ஆனால் தன் இருப்பை மறைப்பதில்லை.

நாவுக்குத் தெரியாதது

காலரா, டைபாய்டு, சீதபேதி, மஞ்சள் காமாலையின் இரு வகைகள் (ஹெப்படைட்டிஸ் ஏ, ஹெப்படைட்டிஸ் ஈ) ஆகியவை குடிநீர் வழியே பரவுபவை. இவற்றுள் ஹெப்படைட்டிஸ் ஈ, கருவுற்ற பெண்களுக்கு, அதிலும் கடைசி மூன்று மாதங்களில், உயிருக்கே ஆபத்தானது. இக்கிருமிகள் நீருக்கு வரும் வழி பெரும்பாலும் ஒன்றுதான்: எங்கோ ஒருவர் கழித்த மலத்தின் ஒரு துகள் குடிநீரில் சேர்ந்திருக்கிறது. ஆகவேதான் 100 மில்லிலிட்டர் நீரில் ஈ.கோலை என்னும் குடற்கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது என்று தர நிர்ணயம் கண்டிப்புடன் கூறுகிறது. உப்புக்கு உள்ள சலுகை இதற்கு இல்லை.

கடலோர ஊர்களின் நிலத்தடி நீர் உவர்ப்பதால், புதுக்கோட்டை, சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்களின் பல பகுதிகளுக்குத் திருச்சியருகே காவிரியிலிருந்து குழாய்வழி நீர் கொண்டுவரப்படுகிறது. கடற்கரையை அடைவதற்குள் அது நூறு கிலோமீட்டருக்கும் மேல் பயணம் செய்துவிடும். புறப்படும் இடத்தில் குளோரின் கலக்கப்படுகிறது. வழிநெடுகக் குழாயின் உட்சுவரிலுள்ள படிவுகளுடனும் அழுக்குடனும் போராடி அந்தக் குளோரின் கரைந்துகொண்டே வருகிறது. ஊர் மேல்நிலைத் தொட்டியில் மீண்டும் சேர்க்காவிட்டால், தெருக் கடைசிக் குழாயை அடையும்போது அதில் எதுவும் மிஞ்சாமற் போகலாம்.

இன்னொரு வழியும் உண்டு. அதை நாமே திறந்து வைக்கிறோம். தண்ணீர் நாள் முழுதும் வருவதில்லை. வராத நேரத்தில் குழாய்க்குள் அழுத்தமில்லை. அப்போது குழாயில் எங்கே விரிசல் இருந்தாலும், வெளியே தேங்கிய நீர் உள்ளே கசிகிறது. அழுத்தம் குறைவு என்பதற்காக வாசலில் குழி தோண்டிக் குழாயைத் தாழ்த்தி வைக்கிறோம். மழை பெய்தால் அக்குழியில் சாக்கடை நிற்கிறது. குழாயில் நேரடியாக மோட்டார் பொருத்தி உறிஞ்சும் வீடுகளும் உள்ளன. அந்த மோட்டார் காவிரித் தண்ணீரை மட்டும் உறிஞ்சுவதில்லை. பக்கத்துக் கால்வாயின் நீரையும் விரிசல் வழியே இழுத்து, அண்டை வீட்டாரின் குடத்தையும் சேர்த்துக் கெடுக்கிறது. தண்ணீர்ப் பற்றாக்குறையில் அவரவர் செய்துகொள்ளும் ஏற்பாடு இது என்பதை அறிவோம். ஆயினும் வயிற்றுப்போக்குடன் ஒரே தெருவிலிருந்து மூவர் நால்வர் வரும்போது முதலில் எழும் ஐயம் இதுவே.

இவ்வளவு வழிகளையும் அடைத்துவிட முடியாது என்பதால்தான் குளோரின் தேவைப்படுகிறது. தொட்டியில் கலந்த குளோரின் உள்ளிருக்கும் கிருமிகளையும் அழுக்கையும் எதிர்த்துச் செலவாகிறது. செலவானது போக மிஞ்சுவதை ‘எஞ்சிய குளோரின்’ என்பர். வழியில் புதிதாக ஏதேனும் நுழைந்தால் எதிர்கொள்ள அதுவே காவல். லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் அது இருக்க வேண்டும். அளக்க வேண்டிய இடம் தொட்டியடி அன்று. தெருக் கடைசி வீட்டுக் குழாய்.

ஊராட்சித் தொட்டிகளில் பயன்படுவது பெரும்பாலும் பிளீச்சிங் பவுடர். நம் ஊர்களில் வழங்கும் கணக்கு 1,000 லிட்டருக்கு 4 கிராம். அதன்படி 10,000 லிட்டர் தொட்டிக்கு 40 கிராமும் 30,000 லிட்டர் தொட்டிக்கு 120 கிராமும் தேவை. வாளி நீரில் கரைத்துச் சுண்ணாம்பு அடியில் படியவிட்டு, தெளிந்த மேல்நீரை மட்டும் தொட்டியில் ஊற்ற வேண்டும். குறைந்தது அரைமணி நேரம் சென்றபின்பே குழாயைத் திறக்க வேண்டும். புதிய பவுடரில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குச் செயலுள்ள குளோரின் உண்டு. மூட்டையைப் பிரித்து ஈரக்காற்றில் போட்டுவைத்தால் அது பறந்துவிடும். கடற்காற்று எந்நேரமும் வீசும் மீமிசல் போன்ற ஊரில், கதவில்லாத மோட்டார் அறையில் கிடக்கும் பழைய மூட்டையில் எஞ்சியிருப்பது பெரிதும் வெள்ளைச் சுண்ணாம்புதான். அதில் 120 கிராம் போட்டாலும் போடாத கணக்கே. ஆதலால் ‘பவுடர் போட்டாயிற்று’ என்பது சான்றாகாது. குழாயில் அளந்தாலன்றி உண்மை தெரியாது.

மருத்துவரின் கேள்வி வெளிப்படுத்திய இரண்டு செய்திகள்

2022 டிசம்பர் இறுதியில் நம் புதுக்கோட்டை மாவட்டத்தின் பெயர் நாடெங்கும் பேசப்பட்டதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அன்னவாசல் ஒன்றியம், முத்துக்காடு ஊராட்சியைச் சேர்ந்த வேங்கைவயலில், பட்டியல் சமூக மக்கள் வாழும் பகுதியில் குழந்தைகள் அடுத்தடுத்து நோயுற்றனர். சிகிச்சை அளித்த மருத்துவர்கள், குடிநீரில் ஏதேனும் கலந்திருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார்கள். டிசம்பர் 26 அன்று ஊர் இளைஞர்கள் 10,000 லிட்டர் கொள்ளளவுள்ள மேல்நிலைத் தொட்டியின்மீது ஏறிப் பார்த்தனர். உள்ளே மனிதக் கழிவு கலந்திருந்தது. அந்நீரைத்தான் அதுவரை குடித்தும் சமைத்தும் வந்திருந்தனர்.

வழக்கு 2023 ஜனவரியில் சி.பி.சி.ஐ.டி. விசாரணைக்குச் சென்றது. குற்றம் செய்தவர் யார் என்பது நீதிமன்றம் கூற வேண்டியது. அம்மக்கள் அடைந்த துயரையும் அவமதிப்பையும் ஒரு மருத்துவமனை இதழின் கட்டுரையில் அளந்துவிட முடியாது. நாம் இங்கு எடுத்துக்கொள்வது ஒரு சிறு கூறு மட்டுமே. குழந்தைகள் நோயுறும்வரை, மருத்துவர் சொல்லும்வரை, தொட்டிக்குள் என்ன இருக்கிறது என்பது அதைக் குடித்தவர்களுக்குத் தெரியவில்லை. தொட்டிமேல் ஒருவர் ஏறிப் பார்த்த பின்னரே தெரிந்தது.

மற்றொன்று, இதற்கு 22 ஆண்டுகள் முன்பு, கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் நிகழ்ந்தது. வாக்கர்டன் என்பது ஏறத்தாழ 4,800 பேர் வாழ்ந்த சிற்றூர். நம் பெரிய ஊராட்சிகளுள் ஒன்றின் அளவு என்று கொள்ளலாம். அங்கே தீய எண்ணத்தோடு யாரும் எதையும் கலக்கவில்லை. 2000 மே மாதம் பெய்த கனமழையில், அருகிலிருந்த பண்ணை நிலத்தில் இட்ட மாட்டெரு ஊறி, ஆழம் குறைந்த ஒரு கிணற்றுக்குள் இறங்கியது. கொடிய வகை ஈ.கோலை ஊர்க் குழாய்களில் பரவியது.

அக்கிணற்று நீரில் குளோரின் சேர்க்க வேண்டும், நாள்தோறும் எஞ்சிய குளோரினை அளந்து எழுத வேண்டும் என்று விதி இருந்தது. பதிவேட்டில் எண்களும் இருந்தன. நாள் தவறாமல் 0.5 என்றோ 0.75 என்றோ எழுதப்பட்டிருந்தது. பின்னர் நீதிபதி டென்னிஸ் ஓ’கானர் தலைமையில் நடந்த விசாரணை, அவற்றுள் மிகப் பல அளக்காமலே எழுதப்பட்டவை என்று கண்டறிந்தது. அளக்கப்பட வேண்டிய நீரை அளக்காமல், இருக்க வேண்டிய எண்ணை எழுதிவைத்தனர். நீர் வாரியப் பணியாளர்கள் கொடியவர்கள் அல்லர் என்பதே இதில் உறுத்தும் செய்தி. கிணற்று நீர் தூயது என்று அவர்களே நம்பிக் குளோரின் சேர்க்காத நீரைக் குடித்து வந்தார்கள். குளோரின் வாடை அடிக்கிறது என்று ஊரார் குறை கூறியதால் அளவையும் குறைத்தார்கள். நம் ஊர்த் தொட்டி இயக்குபவரிடம் “தண்ணியிலே பவுடர் நாத்தம் தாங்கல, அண்ணே” என்று நாம் சொல்லும் குறையும் இதுதான்.

மே 17 அன்று ஆய்வகம் நீர் கெட்டிருப்பதை அறிக்கையாக அனுப்பியது. அது வெளியே சொல்லப்படவில்லை. அதே நாட்களில், அருகிலுள்ள ஓவன் சவுண்ட் நகர மருத்துவமனையில், இரத்தப் போக்குடன் வந்த குழந்தைகளைப் பார்த்த குழந்தைநல மருத்துவர் கிறிஸ்டன் ஹாலெட், ஈ.கோலையாக இருக்கலாம் என ஐயுற்று நலத்துறைக்குத் தகவல் தந்தார். நலத்துறை கேட்டபோது, தண்ணீர் நன்றாகவே இருக்கிறது என்ற விடை மீண்டும் மீண்டும் வந்தது. மே 21 அன்று, அந்த விடையை நம்பாமல், நலத்துறை மருத்துவ அலுவலர் மரே மெக்விக், தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்குமாறு ஊராருக்கு அறிவித்தார். அதற்குள் நோய் பரவிவிட்டிருந்தது. 7 பேர் இறந்தனர். 2,300-க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். குழந்தைகள் சிலருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது.

எஞ்சிய குளோரினை நாள்தோறும் உண்மையாக அளந்திருந்தால் இத்துயரின் அளவு பெரிதும் குறைந்திருக்கும் என்று விசாரணை அறிக்கை கூறியது. அந்த அளவீட்டுக்கு ஆகும் நேரம் சில நிமிடங்களே. செல்வமிக்க நாடு, சட்டம் உண்டு, ஆய்வகம் உண்டு, பதிவேடும் உண்டு. ஒருவர் குழாயடியில் நின்று நிறத்தைப் பார்ப்பது மட்டும் நடக்கவில்லை.

நம் ஊரில் யாரிடம் கேட்பது?

ஊராட்சியில் இப்பொறுப்பு பெரும்பாலும் ஒரே ஒருவர் தோளில் இருக்கிறது. தொட்டி இயக்குபவர் அதிகாலையில் மோட்டாரைப் போடுகிறார், வால்வுகளைத் திருப்புகிறார், குழாய் உடைந்தால் மண்ணைத் தோண்டுகிறார், தண்ணீர் வராவிட்டால் எல்லோரிடமும் ஏச்சு வாங்குகிறார். வாங்கும் ஊதியமோ சொற்பம். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையைக் கடந்தபின் நம் மாவட்டத்தில் பல நாட்கள் மின்சாரம் இல்லாதபோது, ஜெனரேட்டர் கொண்டுவந்து தொட்டிகளை நிரப்ப ஊர் ஊராக அலைந்தவர்களுள் இவர்களும் உண்டு. ஆகையால் அவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதற்காக இக்கேள்விகளைச் சொல்லவில்லை. கேட்பார் இருக்கிறார்கள் என்றால்தான் அவருக்குப் புதிய பவுடரும் பரிசோதனைப் பெட்டியும் தொட்டி மூடிக்குப் பூட்டும் கிடைக்கும்.

தொட்டியைப் பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை கழுவி, கழுவிய நாளைத் தொட்டிமீதே எழுத வேண்டும் என்பது ஊராட்சிகளில் உள்ள நடைமுறை. நடந்து போகும்போது அண்ணாந்து பாருங்கள். எழுதிய நாள் சென்ற பொங்கலைக் காட்டினால் கேட்க வேண்டியது எதுவென்று தெரிந்துவிடும். மூடி இருக்கிறதா, பூட்டியிருக்கிறதா, ஏணியில் யார் வேண்டுமானாலும் ஏற முடியுமா என்பனவும் கீழிருந்தே தெரிபவை.

எஞ்சிய குளோரினைக் காண உள்ளங்கையளவு பெட்டி ஒன்று போதும். சிறு குழலில் குழாய்நீரைப் பிடித்துச் சில சொட்டு மருந்து விட்டால், குளோரின் இருந்தால் மஞ்சள் நிறமும், வேறு வகை மருந்தாயின் இளஞ்சிவப்பும் தோன்றும். பக்கத்திலுள்ள நிற அளவோடு ஒப்பிட்டு எண்ணைப் படிக்கலாம். நிறமே தோன்றாவிட்டால் அன்றைய நீரைக் காய்ச்சாமல் குடிக்கக் கூடாது. சுகாதார ஆய்வாளரிடம் இப்பெட்டி இருக்கும். 2019 ஆகஸ்ட் 15 அன்று அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டம், ஊர்தோறும் ஐந்து பெண்களுக்குக் களப் பரிசோதனைப் பெட்டியைக் கையாளும் பயிற்சி தர வேண்டும் என்கிறது. உங்கள் ஊரில் அந்த ஐவர் யார் என்று மகளிர் குழுவில் விசாரியுங்கள். அவர்களிடம் கிருமியைக் காட்டும் சிறு குப்பியும் இருக்கலாம். நீரை நிரப்பி ஒன்று அல்லது இரண்டு நாள் வைத்திருந்து, கறுத்துவிட்டால் அந்த நீரில் மலக்கிருமி இருப்பதாக ஐயுற வேண்டும்.

இவற்றைக் கேட்பதற்கு உரிய இடம் கிராம சபை. ஆண்டுக்கு ஆறு முறை கூடும் அச்சபையில் ஒரு கூட்டம் மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளன்று நடைபெறுகிறது. ‘தண்ணீர் வருகிறதா’ என்ற கேள்வியோடு நின்றுவிடாமல், ‘கடைசித் தெருவில் சென்ற மாதம் எத்தனை நாள் அளந்தீர்கள், என்ன எண் வந்தது’ என்று ஒருவர் எழுந்து கேட்டால் போதும். பதிவேட்டில் எல்லா நாளும் ஒரே எண் இருந்தால் மகிழ வேண்டாம். உண்மையில் அளந்த எண்கள் நாளுக்கு நாள் சற்றே ஏறி இறங்கும்.

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் பொதுமக்களும் நீரைக் கொடுத்துச் சோதிக்கலாம், கட்டணம் குறைவே. கிருமிச் சோதனைக்கு ஆய்வகம் தரும் தூய்மைப்படுத்திய புட்டியையே பயன்படுத்த வேண்டும். குழாய் வாயைத் துடைத்து, இரண்டு மூன்று நிமிடம் நீரை ஓடவிட்டுப் பிடியுங்கள். புட்டியைக் கழுவக் கூடாது. குளோரினை முறிக்கும் மருந்து அதனுள் இடப்பட்டிருக்கும். மூடியின் உட்புறத்தில் விரல் படலாகாது. பனிக்கட்டியோடு அன்றே கொண்டுசேர்க்க வேண்டும்.

நோயாளி இருக்கும் வீட்டில்

புற்றுநோய்க்கு மருந்து பெறுவோர், சிறுநீரகம் மாற்றப்பட்டோர், டயாலிசிஸ் செய்துகொள்வோர், கருவுற்ற பெண்கள், கைக்குழந்தைகள், முதியோர் ஆகியோருக்கு, மற்றவர் தாங்கிக்கொள்ளும் சிறு கிருமித்தொற்றும் பெருநோயாகலாம். ஊர்த் தொட்டி சீராகும்வரை அவர்கள் காத்திருக்க இயலாது. அவர்கள் குடிக்கும் நீரைக் காய்ச்சுங்கள். கொதி வந்து குமிழ்கள் பொங்கத் தொடங்கியபின் ஒரு நிமிடமேனும் கொதிக்கட்டும். காய்ச்சிய பாத்திரத்திலேயே மூடி ஆறவையுங்கள்.

வெந்நீரில் பச்சைத் தண்ணீரை விளாவிக் கொடுக்கும் வழக்கம் நம் வீடுகளில் மிகுதி. குளிப்பதற்கு அது சரி; குடிப்பதற்கு அப்படிச் செய்தால் காய்ச்சிய பயன் முழுதும் போய்விடும். வாய் கொப்பளிக்கவும், மாத்திரை விழுங்கவும், மூக்குக் குழாய் வழியே உணவு கரைத்துச் செலுத்தவும் அதே காய்ச்சி ஆறிய நீரைப் பயன்படுத்துங்கள். ஆறு மாதம் நிறையாத குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டுமே போதும். எந்தத் தண்ணீரும் வேண்டாம்.

கேன் தண்ணீர் பற்றிப் பலர் கேட்கின்றனர். ஆர்.ஓ. இயந்திரம் உப்பை நீக்குகிறது. அதனால் கடலோரத்தில் அதன் பயன் மறுக்க முடியாதது. எனினும் அதிலிருந்து வரும் நீரில் காவலாக நிற்கும் குளோரின் இல்லை. கழுவாத கேனில் பிடித்தாலோ, வாரக்கணக்கில் திறந்து வைத்தாலோ எளிதில் கெட்டுவிடும். உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும், உடையாத முத்திரையும் உள்ள கேனையே வாங்குங்கள். தெருமுனை நிலையத்தில் பிடிப்பதாயின் குடத்தை நாள்தோறும் உள்ளே தேய்த்துக் கழுவுங்கள். கையைவிட்டு மொள்ளாமல், நீண்ட பிடியுள்ள அகப்பையால் மொள்ளுங்கள்; குழாய் பொருத்திய பாத்திரம் அதனினும் நன்று.

வெள்ளம், புயல், குழாய் உடைப்பு ஆகிய நாட்களில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் குளோரின் மாத்திரை கிடைக்கும். அட்டையில் குறித்த அளவு நீரில் இட்டு, அரைமணி நேரம் கழித்துக் குடிக்கலாம். வாடை பிடிக்காவிட்டால் வாய் அகன்ற பாத்திரத்தில் மெல்லிய துணி மூடிச் சற்று நேரம் வையுங்கள், குறைந்துவிடும்.

வயிற்றுப்போக்கு கண்ட குழந்தை, கண்கள் குழிந்து சோர்ந்து கிடந்தாலோ, ஆறு மணி நேரத்துக்கு மேல் சிறுநீர் கழிக்காவிட்டாலோ, குடித்ததெல்லாம் வாந்தியாக வந்தாலோ, மலத்தில் இரத்தம் தென்பட்டாலோ, இரவென்றும் பாராமல் உடனே அழைத்து வாருங்கள். வரும் வழியில் ஓ.ஆர்.எஸ். கரைசலைச் சிறிது சிறிதாகக் கொடுத்துக்கொண்டே வாருங்கள். பக்கத்து வீடுகளிலும் இதே நோய் உண்டா என்பதையும் கேட்டுக்கொண்டு வந்தால் மருத்துவருக்குப் பெரிதும் உதவும். ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கும் இரண்டு வீடுகளில் ஒரே வாரத்தில் நோய் கண்டால், அத்தகவல் அன்றே சுகாதாரத் துறைக்குச் செல்ல வேண்டும்.

இவ்வளவும் எழுதிய பின், நம் மருத்துவமனைத் தண்ணீரைப் பற்றி நீங்கள் கேட்பது முறையே. புறநோயாளர் கூடத்துக் குடிநீர்க் குழாயருகே ஒரு பதிவேடு கட்டித் தொங்குகிறது; காலைதோறும் எஞ்சிய குளோரின் அளவு அதில் எழுதப்படுகிறது. அந்த எண்ணை நம்புவதில் தயக்கம் இருந்தால், உங்கள் முன்னிலையில் மீண்டும் அளந்து காட்டுமாறு பணியிலுள்ள செவிலியரிடம் கேளுங்கள். ஐந்து நிமிடம் ஆகும்.